தூது சேரும் இடம்

தமிழாசிரியனுக்கு உயிரியலில் யாது வேலை என அன்பர்கள் வினவக்கூடும். 'தூது' என்னும் சொல்லே என்னை அங்கு இழுத்துச் சென்றது. உயர்தர வகுப்பு மாணவன் ஒருவனின் குறிப்பேட்டில் 'தூது ஆர்.என்.ஏ.' என்னும் தொடரைக் கண்டேன். கலத்தின் கருவிலுள்ள பரம்பரை அலகின் செய்தியைப் படியெடுத்துப் புரதம் ஆகும் இடத்திற் சேர்ப்பது அது என்றான். அன்று தோன்றிய ஆவல் பழ ஈயின் முட்டைவரை என்னைக் கொண்டுசென்றது.

ஏறத்தாழ அரை மில்லிமீற்றர் நீளமாக வளரும் அம்முட்டையை ஊட்டுவன 15 கலங்கள். அறிஞர் அவற்றைச் செவிலிக் கலங்கள் என்பர். அகப்பொருள் பயின்றோர்க்கு இப்பெயரின் நயம் விளங்கும். அவை ஆக்கிய தூதுகள் சிறு வளைய வாயில்களினூடாக முட்டையினுட் செல்கின்றன. கலத்தினுள் ஓடும் நுண்புன்குழாய்களே பாதை. டைனீன், கைனீசின் என்னும் புரதங்களே சுமப்பன. 'பைக்கொயிட்' என்னும் தூது முன்முனையிலும், 'ஒஸ்கார்' என்னும் தூது பின்முனையிலும் தங்குகின்றன. முன்னதால் தலையும் மார்பும் அமையும். பின்னதால் வயிறும், அடுத்த தலைமுறைக்குரிய வித்துக் கலங்களும் அமையும்.

1988இல் செருமனியின் தூபிங்கன் நகரில் நுஸ்லைன்-வொல்ஹார்ட் அம்மையாரின் குழுவினர் பைக்கொயிட்டின் இருப்பிடத்தைக் காட்டினர். தாய் இத்தூதை வையாதுவிடின் கருவுக்குத் தலையில்லை. தந்தை வழியாக வருவது அக்குறையைத் தீர்ப்பதில்லை. 1992இல் ஆன் எப்ருசி, ரூத் லேமன் என்னும் அம்மையார் இருவர் ஒஸ்காரை முன்முனையிற் தங்கச் செய்தனர். தலை அமையவேண்டிய இடத்தில் வயிறும் வித்துக் கலங்களும் தோன்றின! செய்தி மாறவில்லை, முகவரியே மாறிற்று. அம்முகவரி, தூதின் இறுதியில், புரதமாக மொழிபெயர்க்கப்படாத பகுதியில் உள்ளது.

மேலும் ஒரு வியப்பு உண்டு. உரிய இடம் சேருமளவும் 'புரூனோ' என்னும் புரதம் ஒஸ்காரின் வாயைக் கட்டிவைக்கின்றது. தூதுக்கு ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவரும், இடமும் காலமும் அறிந்து உரைத்தலை அங்கு வலியுறுத்தியுள்ளார்.

ஆசிரியரும் தூது விடுப்போரே. இன்று கற்றதை இன்றே ஒப்புவி எனப் பிள்ளைகளை நெருக்குகின்றோம். ஒரு சொல் உரிய இடம் சேருமளவும் உள்ளத்தில் மௌனமாய்க் கிடத்தலும் கல்வியே என்பது என் துணிபு. இம்மலரை ஏந்தும் பழைய மாணவருட் பலர், இக்கல்லூரியிற் கேட்ட சொல்லொன்றின் பொருளைப் பல்லாண்டு கழிந்தே உணர்ந்திருப்பர். அச்சொல்லை அன்று நம்முள் வைத்த ஆசிரியப் பெருமக்களை இந்நன்னாளில் நினைந்து வணங்குவோமாக.