மாட்டுவது பத்து நிமிடம், மற்றது இரண்டு நாள்

குளிர்காலத்தில் அரிசோனாவின் குவார்ட்சைட்டுக்குப் போனால் பாலைவனம் முழுக்க ஆர்வி வண்டிகள்தான். படுக்கை, அடுப்பு, கழிப்பறையோடு ஓடும் வீடுகள். அனுமதிச் சீட்டு வாங்கினால் செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை ஊரை ஒட்டிய அரசு நிலத்தில் தங்கலாம். ஆனால் அங்கே மின் இணைப்பு கிடையாது. மின்வேலை தெரிந்தவர்களுக்குக் கிராக்கி அதனால்தான்.

நான் பார்க்கப்போன பட்டறைக்காரர் முன்பு படகுகளுக்கு வயரிங் செய்தவர். ஈய-அமில பேட்டரிகளைக் கழற்றிவிட்டு லித்தியம் வைக்க ஒரு தம்பதி வந்திருந்தார்கள். ஆசை நியாயம்தான்: 100 ஆம்பியர்-அவர் ஈய பேட்டரி கிட்டத்தட்ட 30 கிலோ, அதிலும் பாதிக்குமேல் இறக்கினால் ஆயுள் போய்விடும். லித்தியம் அதில் பாதி எடைகூட இல்லை, ஏறக்குறைய முழுவதையும் செலவழிக்கலாம்.

“மாட்டுவது பத்து நிமிடம். மற்றது இரண்டு நாள்,” என்றார் பட்டறைக்காரர்.

முதலில், வெளி மின்சாரத்திலிருந்து பேட்டரியை நிரப்பும் கன்வர்ட்டரைத் திறந்தார். பழையது, 13.6 வோல்ட்டிலேயே நின்றுவிடும். இந்த வகை லித்தியம் பேட்டரி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) நிறைய 14.4 அளவுக்கு வேண்டும். எஞ்சின் ஓடும்போது பேட்டரியை நிரப்பும் ஆல்டர்னேட்டரின் சிக்கல் வேறு. லித்தியத்தின் உள்மின்தடை குறைவு என்பதால் கொடுப்பதையெல்லாம் இழுத்துக்கொள்ளும். வண்டி ஐடிலில் நின்றால் ஆல்டர்னேட்டர் சூடேறிக் கெட்டுப்போகலாம். நடுவில் ஒரு டிசி-டிசி சார்ஜர் வைத்து 30 ஆம்பியரில் கட்டிவிட்டார்.

எனக்கு அதைவிடப் பிடித்தது மூலையில் கேபிள் முனை அழுத்திக்கொண்டிருந்த பெண்ணின் வேலை. கட்டைவிரல் பருமன் கேபிள். ஓர் இழைகூட வெட்டுப்படாமல் தோலை உரித்து, லக் என்ற உலோக முனையில் செருகி, ஹைட்ராலிக் கருவியால் அழுத்தி, இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொடுகிறார். சோதனைக்குச் செய்த முனை ஒன்றை ரம்பத்தால் குறுக்கே அறுத்துக் காட்டினார். இழையே தெரியவில்லை, ஒரே செம்புக் கட்டி. அந்த வண்டியிலிருந்து கழற்றிய, யாரோ சுத்தியலால் நசுக்கிய முனையையும் அறுத்தார். உள்ளே கறுத்த இடைவெளிகள். 2000 வாட் இன்வெர்ட்டர் முழுச் சுமையில் 170 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். சூடேறுவது அந்த இடைவெளிகளில்தான்.

ஃபியூஸில் மட்டும் பேரம் நடந்தது. சாதாரணமானது போதாதா என்றார் கணவர். லித்தியம் ஷார்ட்டானால் கண் இமைப்பதற்குள் ஆயிரக்கணக்கில் ஆம்பியர் பாயும். மலிவு ஃபியூஸ் உருகிய பிறகும் உள்ளே தீப்பொறி வழியாக மின்சாரம் தொடரலாம். கிளாஸ் டி (T) ஃபியூஸ் 20,000 ஆம்பியரையும் அறுத்துவிடும். “அது வேண்டாமென்றால் வேறு பட்டறை பாருங்கள்,” என்றார் பட்டறைக்காரர். எனக்கு அவர் பிடிவாதம் சரியென்றே பட்டது.

பேட்டரி வெளிப்பெட்டியிலிருந்து கட்டிலுக்கு அடியில் போனது. காரணம் குளிர்: உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்தால் லித்தியம் செல் நிரந்தரமாகப் பாழாகும்.

ஆர்வி வைத்திருக்கும் நம்மவர்கள் பேட்டரி விலையை ஒப்பிடுமுன் கன்வர்ட்டரின் மாடல் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அது லித்தியத்துக்கு ஒத்துவருமா என்று முதலில் விசாரியுங்கள்.