படகுக்கு ஆழமானி வாங்கிய வரலாறு

மும்பையில் குடியேறி வாழும் நம்மவர்க்குக் கடல் என்பது பெரும்பாலும் மாலை வேளையில் மரீன் டிரைவ் சுவரில் அமர்ந்து பார்ப்பதற்கு உரிய பொருளாகவே இருந்து வருகிறது. அதன்மேல் செல்ல விரும்புவோர் நம்மில் மிகச் சிலர். அச்சிலருள் மூன்று குடும்பத்தினராகிய நாங்களும் அடக்கம். 22 அடி நீளமுள்ள பழைய ஃபைபர் படகொன்றை, பின்புறத்தில் மாட்டிய அவுட்போர்டு மோட்டாருடன், மூவருமாகப் பங்கிட்டு வாங்கினோம். 'இது செல்வர்களின் பொழுதுபோக்கு அன்றோ?' என்று வினவும் அன்பர்களுக்கு ஒரு சொல்: எங்களுள் ஒவ்வொருவர் பங்கும் ஒரு நல்ல மோட்டார் சைக்கிளின் விலைதான். மழைக்காலம் கழிந்த அக்டோபர் முதல் மே மாதம் வரை, விடுமுறை நாட்களில் எலிபெண்டா பக்கமோ மாண்ட்வா பக்கமோ சென்று, கட்டுச்சோறு உண்டு, இருட்டுமுன் திரும்பி விடுவோம்.

இவ்வளவு எளிய பயணத்திற்குக் கருவிகள் எதற்கு என்றுதான் முதலில் நாங்களும் எண்ணியிருந்தோம். 2024-ஆம் ஆண்டு டிசம்பர் 18-ஆம் நாள், எலிபெண்டாவுக்குப் பயணிகளை ஏற்றிச் சென்ற படகின்மீது கடற்படையின் விசைப்படகு ஒன்று மோதி, பதினைந்து பேர் உயிரிழந்த செய்தி வந்தது. அந்தத் துயரத்திற்கும் ஆழமானிக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. ஆயினும், அன்றிரவே எங்கள் மூன்று வீட்டுப் பெண்மணிகளும் தொலைபேசியில் கலந்து பேசி இரண்டு நிபந்தனைகள் விதித்துவிட்டார்கள். குழந்தைகள் படகில் இருக்கும் நேரமெல்லாம் மிதவைச் சட்டை அணிந்திருக்க வேண்டும் என்பது ஒன்று. படகு எங்கே இருக்கிறது, அடியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்ற இரண்டையும் ஊகத்தால் சொல்லாமல் அளந்து சொல்ல வேண்டும் என்பது மற்றொன்று. அதுவரை குழந்தைகள் படகேறக் கூடாது. முதல் நிபந்தனை அந்த வாரமே நிறைவேறிற்று. இரண்டாவதற்கு நான்கு மாதங்கள் பிடித்தன.

இரண்டாம் நிபந்தனையின் அருமை, மும்பைத் துறைமுகத்தின் இயல்பை அறிந்தவர்க்கே விளங்கும். சென்னையில் கடல் ஏற்றத்திற்கும் வற்றத்திற்கும் இடையே உள்ள வேறுபாடு, அமாவாசை பௌர்ணமிகளிலும் சுமார் ஒரு மீட்டர்தான். தூத்துக்குடியில் அதனினும் குறைவு. மும்பையிலோ அந்நாட்களில் மூன்றரை மீட்டருக்கும் மேல். சில நாட்களில் நாலரை மீட்டரையும் எட்டும். காலையில் இரண்டு ஆள் உயரத் தண்ணீர் நின்ற இடம், நடுப்பகலில் சேற்று வெளியாகக் காட்சியளிக்கும். எலிபெண்டாவில் இறங்கித் தீவை அடைய நெடுந்தூரம் நீண்ட பாலமும், அதன்மேல் ஒரு குட்டி ரயிலும் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதனைக் குழந்தைகளுக்காக இட்ட வேடிக்கை என்று பலர் நினைக்கிறார்கள். கரையோரம் படகு மிதக்கத் தண்ணீர் போதாமையால் அன்றோ அப்பாலம் அவ்வளவு தூரம் கடலுக்குள் நீள வேண்டியதாயிற்று!

சேற்றில் அமர்ந்துவிட்ட படகு ஒன்றை நாங்கள் கண்ணால் கண்டிருக்கிறோம். தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்த வேளை. உள்ளே ஒரு குடும்பம், கைக்குழந்தை ஒன்று. கரை கூப்பிடு தூரத்தில் இருந்தது. ஆனால் இறங்கினால் தொடையளவு சேறு. நாங்கள் நெருங்கினால் எங்கள் படகும் அமர்ந்துவிடும். தண்ணீர்ப் பாட்டில்களைக் கயிற்றில் கட்டி எறிவதன்றி வேறு உதவி செய்ய இயலவில்லை. ஏற்றம் திரும்பி வந்து படகைத் தூக்க ஏறக்குறைய ஆறு மணி நேரம் ஆயிற்று. உயிருக்கு ஆபத்து நேரவில்லை. ஆயினும் வெயிலில் அக்குழந்தை அழுத அழுகை எங்கள் வீட்டார் எவர் காதையும் விட்டு இன்னும் அகலவில்லை.

கடைகளில் இன்று ஒரே பெட்டியாகக் கிடைப்பது உண்மையில் இரண்டு கருவிகளின் சேர்க்கை. ஒன்று, சார்ட் பிளாட்டர் எனப்படும் வழிகாட்டி: ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களிலிருந்து வரும் குறிகளைக் கொண்டு படகின் இருப்பிடத்தைச் சில மீட்டர் துல்லியத்துடன் கணித்து, கடல் வரைபடத்தின்மேல் ஒரு சிறு படகு உருவமாகக் காட்டுவது. மற்றொன்று ஆழமானி: படகின் அடியிலிருந்து ஒலியைக் கீழே அனுப்பி, அது தரையில் பட்டுத் திரும்பும் நேரத்தைக் கொண்டு ஆழத்தைச் சொல்வது. கடல்நீரில் ஒலி வினாடிக்குச் சுமார் 1,500 மீட்டர் செல்லும். மூன்று மீட்டர் ஆழத்தில் போய்த் திரும்ப வினாடியில் 250-ல் ஒரு பங்கு நேரம்தான் ஆகும். அந்நேரத்தை அளந்து விடையைக் கண்முன் எழுதிவிடுகிறதே, அந்தச் சிறு பெட்டி!

எங்களுள் ஒருவருடைய மாமனார் அப்போது தூத்துக்குடியிலிருந்து வந்திருந்தார். தோணியில் தண்டலாக இருந்து, கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏற்றிச் சென்றவர். (மும்பைக் கோளி மீனவரும் படகுத் தலைவனைத் 'தாண்டேல்' என்றே அழைக்கிறார்கள் என்று கேட்டதும் பெரியவர் அடைந்த மகிழ்ச்சி பெரிது.) இவ்விளக்கங்களையெல்லாம் பொறுமையுடன் கேட்டிருந்துவிட்டு, "ஏன் மாப்பிள்ளை, இது கீழேதானே பார்க்கும்? முன்னே பார்க்குமா?" என்று ஒரே கேள்வி கேட்டார்.

"முன்னே பார்க்காது, மாமா."

"அப்போ, பாறைமேலே ஏறின பிறகு பாறை இருக்குன்னு சொல்லும்."

இதைவிடச் சுருக்கமாக எந்த விற்பனையாளரும் எங்களுக்கு விளக்கவில்லை. ஒலிக்கற்றை கூம்பு வடிவில் இறங்குகிறது. மூன்று மீட்டர் ஆழத்தில் அது தடவிப் பார்ப்பது ஏறத்தாழ ஒரு மீட்டர் அகலமுள்ள வட்டத்தைத்தான். முன்னே இருப்பதை அறிய வரைபடம் வேண்டும். வரைபடமோ, என்றோ ஒரு நாள் அளந்தவர்கள் எழுதி வைத்தது. இன்று சேறு எங்கே நகர்ந்திருக்கிறது என்பதை அது அறியாது. ஆகவே, ஒன்றைக் கொண்டு மற்றொன்றைச் சோதிக்கத் தெரிந்தவனுக்கே இரண்டும் பயன்படும்.

அச்சோதனையைச் சற்று விரித்துரைக்க நேயர்கள் இடம் தர வேண்டும். வரைபடத்தில் ஓரிடத்தில் 1.5 என்று எழுதியிருந்தால், எந்நேரமும் அங்கே ஒன்றரை மீட்டர் தண்ணீர் நிற்கும் என்பது பொருளன்று. கடல் மிகவும் வற்றும்போது நிற்கும் மட்டத்தை ஒட்டி ஒரு கோடு வகுத்து, அதற்குக் கீழே உள்ள ஆழத்தை எழுதுகிறார்கள். அந்தக் கோட்டிற்கு மேலே அந்நேரத்தில் எவ்வளவு தண்ணீர் ஏறி நிற்கிறது என்பதை ஏற்றவற்ற அட்டவணையில் பார்க்க வேண்டும். அட்டவணை 2.2 என்றால், மொத்தம் 3.7 மீட்டர். ஆழமானியும் அதனை ஒட்டிய எண்ணைக் காட்டினால், வரைபடத்தை நம்பி மேலே செல்லலாம். ஆழமானி 2.9 என்று காட்டினால், எண்பது சென்டிமீட்டர் சேறு புதிதாய்ச் சேர்ந்திருக்கிறது, அல்லது நாம் நினைக்கும் இடத்தில் நாம் இல்லை. எதுவாயினும் வேகத்தைக் குறைப்பதே முறை. இவ்வரைபடங்களை ஆக்கும் தேசிய நீர்ப்பரப்பளவை அலுவலகமும், ஏற்றவற்ற அட்டவணை வெளியிடும் இந்திய நில அளவைத் துறையும் இருப்பது டேராடூனில். கடலின் ஆழத்தை இமயமலை அடிவாரத்திலிருந்து கேட்டறிய வேண்டியிருப்பது ஒரு வேடிக்கைதான்.

இனி, வாங்கிய படலம். எங்களுள் ஒருவர் 12 அங்குலத் திரை வேண்டும் என்றார். ஒருவர், கையிலுள்ள தொலைபேசியே போதும், அதிலும் ஜி.பி.எஸ். உண்டு, கடல் வரைபடமும் போட்டுக்கொள்ளலாம் என்றார். பின்னவர் சொன்னது பொய்யன்று. நடுக்கடலில் தொலைபேசித் தொடர்பு அற்றாலும் அதன் ஜி.பி.எஸ். வேலை செய்யும். ஆனால் ஏப்ரல் மாத வெயிலில் அரை மணி வைத்தால் சூடேறி அணைந்துவிடுகிறது. ஈரக் கைக்குக் கீழ்ப்படிவதில்லை. ஆழம் சொல்ல அதற்கு வாயும் இல்லை. இரண்டாம் துணையாக அது இருக்கட்டும் என்று முடிவாயிற்று. திரையின் அளவு குறித்த வழக்கோ கடையில்தான் தீர்ந்தது. கார்மின், ரேமரின், சிம்ராட், லோரன்ஸ் என்று வரிசையாக வைத்திருந்தார்கள். குளிரூட்டிய அறையில் எல்லாத் திரைகளும் ஒன்றையொன்று விஞ்சி ஒளிர்ந்தன. அவற்றில் ஓடியது உண்மைக் கடலும் அன்று. அமெரிக்க ஏரி ஒன்றின் மாதிரிக் காட்சி! "ஐயா, இதை வாசலுக்குக் கொண்டுவர இயலுமா?" என்று கேட்டோம். கடைக்காரர் நல்லவர், நீண்ட மின்கம்பியுடன் நடைபாதைக்கே கொண்டுவந்தார். பன்னிரண்டு மணி வெயிலில் இரண்டு திரைகள் கறுத்துவிட்டன. குளிர்க்கண்ணாடி அணிந்து பக்கவாட்டில் பார்த்தபோது மற்றொன்றும் மறைந்தது. எஞ்சியவற்றுள், தொடுதிரையோடு பொத்தான்களும் உள்ள 7 அங்குலக் கருவி ஒன்றைத் தேர்ந்தோம். உப்புநீர் தெறித்த திரையில் விரல் வழுக்கும்போது பொத்தானே கைகொடுக்கும். எந்த நிறுவனத்தது என்று எழுதினால் விளம்பரமாகிவிடும். கேட்கும் அன்பர்களுக்கு நேரில் சொல்கிறோம்.

பக்கவாட்டில் படம் பிடிப்பது, மீன் கூட்டத்தை வண்ணத்தில் காட்டுவது, ரேடார் இணைப்பது முதலிய வசதிகளுக்கு எங்கள் ஒரு லட்ச ரூபாய் வரம்பில் இடமில்லை, தேவையும் இல்லை.

வரைபட அட்டையை வாங்கும்முன் கடையிலேயே திறந்து காட்டச் சொன்னோம். சிங்கப்பூரிலுள்ள உறவினர் வழியாகக் குறைந்த விலைக்குத் தருவிக்கலாமே என்ற யோசனையும் இருந்தது. அவ்வாறு வரும் கருவியில் இருப்பது அந்நாட்டுக் கடலின் வரைபடமாக இருக்கலாம். பழுது பார்க்கும் உறுதிமொழியும் இந்நாட்டில் செல்லாது போகலாம். மிச்சப்படும் பணம் புது அட்டைக்கே போய்விடும் என்பதால் அந்த யோசனையைக் கைவிட்டோம். அட்டை புதியதுதானா என்று அறிய மும்பையில் ஓர் எளிய வழி உண்டு. 2024 ஜனவரி 12-இல் திறக்கப்பட்ட அடல் சேது, சிவ்ரியிலிருந்து கடல்மேல் 16 கிலோ மீட்டருக்கு மேல் செல்கிறது. அதன் தூண்கள் வரைபடத்தில் இல்லையேல், அட்டை பழையது. எங்களுக்கு முதலில் காட்டிய அட்டையில் அங்கே வெறும் கடல்தான் இருந்தது. ஆனால் எவ்வளவு புதிய அட்டையும் கோளி மீனவர் நட்டிருக்கும் டோல் வலைக் கழிகளைக் காட்டாது. அவற்றுக்கு நம் கண்ணே துணை.

எல்லாரும் திரையைப் பார்த்து விலை பேசுகிறார்கள். ஆழம் அறிவதெல்லாம் டிரான்ஸ்டியூசர் என்னும் கைப்பிடி அளவான உறுப்பினால்தான். அதைப் பின்பலகையில் தவறான இடத்தில் மாட்டினால், படகு வேகமெடுத்ததும் அடியில் ஓடும் காற்றுக் குமிழிகள் ஒலியை மறைத்துவிடும். எண் மினுக்கி மறையும். அதாவது, ஆழம் மிகவும் தேவைப்படும் நேரத்தில் கருவி ஊமையாகிவிடும். விசிறியிலிருந்து தள்ளி, தண்ணீர் அமைதியாய் வழுக்கிச் செல்லும் இடமாகப் பார்த்து, மாற்றத்தக்க ஒரு பலகையின்மேல் பொருத்துமாறு கேட்டுக்கொண்டோம். மூன்றாம் முயற்சியில்தான் சரியான இடம் அமைந்தது. அலைவரிசையிலும் கருத்து வேண்டும். ஆழமற்ற நீருக்கு 200 கிலோ ஹெர்ட்ஸ் ஏற்றது. ஆனால் கஞ்சி போன்ற இளஞ்சேற்றின் மேற்பரப்பையே அது தரையாகக் கொள்ளும். குறைந்த அலைவரிசை அச்சேற்றை ஊடுருவி அடியிலுள்ள கெட்டித் தரையைத் தேடும். எங்கள் மோட்டாருக்குச் சேறும் பகையாதலால் மேற்பரப்பைச் சொல்வதே எங்களுக்கு நலம்.

பொருத்தியதும் செய்த முதல் வேலை, எண் எங்கிருந்து எண்ணப்படுகிறது என்று நிச்சயம் செய்ததுதான். நீர்மட்டத்திலிருந்தா, டிரான்ஸ்டியூசரிலிருந்தா, மோட்டாரின் அடி நுனியிலிருந்தா? இதை நாமே கருவிக்குச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அரை மீட்டர் பொய்யாகும். நங்கூரமிட்ட படகிலிருந்து பெரியவர் ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கினார். ஆறடிக்கு ஒரு பாகமாக முடிச்சிட்ட கயிறு அது. குண்டின் அடிக்குழியில் மெழுகு தடவியிருந்தார். கயிறு இரண்டு பாகத்திற்குச் சற்றுக் கூடக் காட்டிற்று. கருவி நீர்மட்டத்திலிருந்து 3.8 மீட்டர் என்றது. மெழுகில் ஒட்டி வந்த கருஞ்சேற்றை விரலால் நசுக்கிப் பார்த்து, "இரண்டும் ஒண்ணுதான்" என்றார். அதன்பின் அபாய மணியை இரண்டு மீட்டரில் வைத்தோம். பெண்மணிகள் மூவரும் ஒருமுறை குழந்தைகளின்றி வந்து, மணி ஒலிப்பதையும் நாங்கள் உடனே வேகம் குறைப்பதையும் நேரில் கண்டு அனுமதி அளித்தார்கள்.

இப்போது குழந்தைகளுக்குப் படகில் ஒரு வேலை கிடைத்திருக்கிறது. பத்து நிமிடத்திற்கு ஒருமுறை நேரத்தையும் இருப்பிடத்தையும் ஆழத்தையும் ஒரு நோட்டில் எழுத வேண்டும். அட்டவணையைப் பார்த்து ஏற்றத்தைக் கழித்து, வரைபடத்து எண்ணோடு ஒப்பிட வேண்டும். யார் எழுதுவது என்பதில் சண்டைதான். எலிபெண்டா வழியில் இரண்டு இடங்களில் வரைபடத்தைவிட ஆழம் குறைவு என்று ஐந்து முறை தொடர்ந்து எழுதியிருக்கிறார்கள். அவ்விடங்களைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, இப்போது சற்றுச் சுற்றியே செல்கிறோம். அந்த நோட்டின் நகல் ஒன்று சங்க நூலகத்தில் இருக்கிறது. படகு வைத்திருக்கும் அன்பர்கள் பார்த்துக்கொள்ளலாம். எண்கள் எங்கள் படகிலிருந்து எடுத்தவை என்பதை மட்டும் நினைவிற் கொள்ள வேண்டும்.