தைலமும் அதன் எல்லையும்

உடம்பில் தைலம் தேய்த்தலை நம்மவருள் சிலர் சகல பிணிக்கும் மருந்தென நம்புகின்றனர். வேறு சிலரோ செல்வரின் சுகபோகமெனத் தள்ளுகின்றனர். இரண்டுமே மிகை என்பது நமது கருத்து.

மூட்டுவலியால் நாற்காலியில் அமர்ந்தே தொழுதுவந்த நமது மூத்த சகோதரியாரைக் கேரளத்துக் கோட்டக்கலுக்கு அழைத்துச் சென்றோம். 1902 இல் பி. எஸ். வாரியர் ஆரிய வைத்திய சாலையை நிறுவிய ஊர் அது. மரத் தோணியில் கிடத்தி, இளஞ்சூடான தைலத்தில் தோய்த்த துணியை உடலெங்கும் பிழிந்து தடவுவது பிழிச்சில். குறுந்தொட்டி வேர்க் கஷாயத்திலும் பாலிலும் வேகவைத்த ஞவரை அரிசியைத் துணியில் முடிந்து தேய்ப்பது ஞவரக்கிழி. இரு வாரத்தில் அவருக்கு விறைப்புத் தளர்ந்தது. இரவில் உறக்கம் வந்தது. ஆயினும் தேய்ந்த மூட்டு புதிதாகிவிடவில்லை. தொழுகை இன்றும் நாற்காலியில்தான். சூடும் அழுத்தமும் இறுகிய தசையை இளக்கும், வலியைத் தணிக்கும். அவற்றின் எல்லை அவ்வளவே.

தேய்த்தலை அரபியில் 'தல்க்' என்பர். வன்மையாகத் தேய்த்தால் உடல் உறுதிப்படும், மென்மையாகத் தேய்த்தால் தளரும், நெடுநேரம் தேய்த்தால் மெலியும், அளவோடு தேய்த்தால் சதை பிடிக்கும் என இப்னு சீனா (980–1037) 'அல்கானூன்' நூலில் வகுத்தார். வாக்படரின் 'அஷ்டாங்க ஹிருதயம்' நாள்தோறும் எண்ணெய் தேய்க்கச் சொல்கிறது; அதே இடத்தில், அசீரணமுற்றோரும் கபம் மிகுந்தோரும் அதனைத் தவிர்க்க வேண்டுமென விதிக்கிறது. இரு மரபினரும் ஆளையும் அளவையும் பார்த்தே கைவைக்கச் சொன்னார்கள்.

இதனை மறந்ததன் விளைவை நமது தெருவிலேயே கண்டோம். வாய் கோணி, ஒரு கை துவண்டு, பேச்சுக் குழறிய பெரியவர் ஒருவருக்கு, வாதமென்று கூறிப் பகல் முழுவதும் தைலம் தேய்த்தனர். மருத்துவமனை சேர்ந்தபோது வேளை கடந்திருந்தது. மூளைக்குச் செல்லும் குழாயை அடைத்த இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக 4½ மணி நேரத்திற்குள் செலுத்தியாக வேண்டும். முந்துந்தோறும் நன்மை மிகும்.

ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலும் தேய்க்கலாகாது. உள்ளே இரத்தம் கட்டியிருப்பின், அது பெயர்ந்து நுரையீரலை அடைக்கக் கூடும்.

ஆதலின் வாசக அன்பர்களே, இத்தகைய வேளைகளில் முதலில் மருத்துவமனையை நாடுங்கள். ஆபத்து நீங்கியபின், மருத்துவரைக் கேட்டு, தேர்ந்த வைத்தியரின் கையால் தைலம் தேய்த்துக்கொள்வதில் தடையில்லை.