எந்த இடத்தில்?

மதுரையில் நண்பர்களோடு சேர்ந்து ஒரு ஃபிலிம் சொசைட்டி நடத்தி வருகிறேன். படம் தேர்ந்தெடுப்பது, நல்ல பிரதி தேடுவது, சப்டைட்டில் ஒத்துப்போகிறதா என்று முன்கூட்டியே ஓட்டிப் பார்ப்பது, நாற்காலி போடுவது எல்லாம் சேர்ந்து வேலையில் பாதி. மறுபாதி, படம் முடிந்து விளக்கு எரிந்த பிறகு நடக்கும் கலந்துரையாடல். யாருடைய படத்தைத் திரையிட்டாலும் பேச்சு சுற்றிவளைத்து ஒரே கேள்விக்கு வந்து நிற்கும்: இதுவரை வந்த படங்களிலேயே தலைசிறந்தது எது? வெட்டிப்பேச்சு என்று இதை ஒதுக்குகிறவர்கள் உண்டு. நான் அதை ஆவலோடு எதிர்பார்க்கிறவன். முறையாக நடத்தினால், சினிமாவைப் பார்க்கக் கற்றுக்கொள்ள இந்த விவாதம் போல உதவுவது வேறில்லை என்று நம்புகிறேன்.

விவாதம் சூடுபிடித்ததும் யாராவது ஒருவர் பட்டியலை எடுப்பார். பெரும்பாலும் அது பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட்டின் ‘சைட் அண்ட் சவுண்ட்’ பத்திரிகை பத்தாண்டுக்கு ஒருமுறை விமரிசகர்களிடம் வாக்கெடுத்து வெளியிடும் பட்டியலாக இருக்கும். 1952இல் நடந்த முதல் வாக்கெடுப்பில் டி சிகாவின் ‘பைசிக்கிள் தீவ்ஸ்’ முதலிடம் பெற்றது. அந்தப் படம் வந்து நான்கே ஆண்டுகள் ஆகியிருந்தன. 1962 முதல் 2002 வரை ஐந்து முறையும் ஆர்சன் வெல்ஸின் ‘சிட்டிசன் கேன்’. 2012இல் ஹிட்ச்காக்கின் ‘வெர்டிகோ’. 2022இல் பெல்ஜியத்தின் சாந்தால் ஆகெர்மான் 1975இல் எடுத்த ‘ஜான் டீல்மான்’. பெண் இயக்கிய படம் ஒன்று அந்த இடத்துக்கு வந்தது அதுவே முதல் முறை. 2012இல் அதே படம் 36ஆம் இடத்தில் இருந்தது.

இந்தப் பட்டியலைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்கிறவர்களிடம், அது தயாராகும் விதத்தைச் சொல்வேன். வாக்களிக்கும் ஒவ்வொருவரும் பத்துப் படங்களை எழுதித் தருகிறார். அவற்றுக்குள் வரிசை கிடையாது. பத்துக்கும் தலா ஒரு வாக்கு. ஒருவர் உயிராக நினைக்கும் படத்துக்கும், மரியாதைக்காகக் கடைசியில் சேர்த்த படத்துக்கும் எடை ஒன்றே. 2012இல் 846 பேர் வாக்களித்தார்கள். முதலிடம் பெற்ற ‘வெர்டிகோ’வுக்குக் கிடைத்தவை 191 வாக்குகள். அதாவது நான்கில் மூன்று பங்குக்கும் மேற்பட்டவர்கள் தங்கள் பத்தில் அதைச் சேர்க்கவே இல்லை. 2022இல் வாக்களித்தோர் எண்ணிக்கை 1,639. கேட்கப்பட்டவர்கள் கூடியதும் மாறியதும் பட்டியலில் தெரிந்தது. அதே பத்திரிகை இயக்குநர்களிடம் தனியாக வாக்கெடுக்கிறது. அங்கே 2012இல் ஓசுவின் ‘டோக்கியோ ஸ்டோரி’யும், 2022இல் கூப்ரிக்கின் ‘2001: எ ஸ்பேஸ் ஒடிசி’யும் முதலிடம் பிடித்தன. பட்டியலை நான் குறைத்துப் பேசவில்லை. எதைத் தேடிப் பார்க்கலாம் என்று தெரிந்துகொள்ள அது நல்ல வழிகாட்டி. ஆனால் அதைக் காட்டி எவர் வாயையும் அடைக்கக் கூடாது.

அப்படியானால் எதை வைத்துப் பேசுவது? விருது, வசூல், பட்டியலில் பிடித்த இடம், நடிகரின் பெயர் ஆகிய நான்கையும் எங்கள் கூட்டத்தில் சாட்சியாக ஏற்பதில்லை. ‘மாஸ்டர்பீஸ்’, ‘உலகத்தரம்’ போன்ற சொற்களும் அப்படித்தான். ஒருவர் ஒரு படத்தைத் தூக்கிவைத்தாலும் தூக்கியெறிந்தாலும் நான் கேட்பது ஒன்றே ஒன்று: எந்த இடத்தில்?

‘ஜான் டீல்மான்’ திரையிட்ட அன்று இந்தக் கேள்வியின் பலம் நன்றாகத் தெரிந்தது. 201 நிமிடப் படம். பிரஸ்ஸல்ஸில் பதின்வயது மகனோடு வாழும் ஒரு விதவையின் மூன்று நாட்கள். சமைக்கிறாள், படுக்கையைச் சீராக்குகிறாள், கடைக்குப் போகிறாள். பிழைப்புக்காகப் பிற்பகலில் ஓர் ஆணை வீட்டுக்குள் அனுமதிக்கிறாள். அவளாக நடிக்கும் டெல்ஃபின் சேரிக் உருளைக்கிழங்கின் தோலைச் சீவுவதைக் கேமரா அசையாமல் பார்த்துக்கொண்டிருக்கிறது. படம் முடிந்ததும் ஒருவர் எழுந்து, “பொறுமையைச் சோதிக்குது சார். இதையா உலகத்துலேயே சிறந்த படம்னு சொல்றாங்க?” என்றார்.

எந்த இடத்தில் பொறுமை போனது என்று கேட்டேன். முதல் நாள் சமையலில் என்றார். இரண்டாம் நாளில்? சற்று யோசித்து, “அப்போ இல்ல சார், அப்போ பயமா இருந்துச்சு” என்றார். ஏன் பயம் வந்தது என்று எல்லோருமாகத் தேட ஆரம்பித்தோம். இரண்டாம் நாள் உருளைக்கிழங்கு அளவுக்கு மீறி வெந்துவிடுகிறது. பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் அவள் வீட்டுக்குள் அலைகிறாள். பணம் போட்டுவைக்கும் சாடியை மூட மறக்கிறாள். வேறு படத்தில் இதெல்லாம் ஒரு நிகழ்ச்சியாகவே கணக்கில் வராது. இங்கே மனம் பதறுகிறது. முதல் நாளின் ஒழுங்கை, கத்தரிக்காமல், அந்த வேலைகள் எடுக்கும் நேரம் முழுவதும் உட்காரவைத்து ஆகெர்மான் நமக்குப் பழக்கியிருக்கிறார். எங்கே பொறுமை போனதோ அங்கேதான் மறுநாள் பயத்துக்கு அஸ்திவாரம் போடப்பட்டிருந்தது. அந்த நண்பருக்குக் கடைசிவரை படம் பிடிக்கவில்லை. ஆனாலும் அது எப்படி வேலை செய்கிறது என்பதை அன்று எங்களுக்கு விளங்கவைத்தது அவர் பதில்தான். பிடிக்காதவர் இல்லாத கூட்டத்தில் இப்படி ஒரு பாடம் கிடைக்காது.

தமிழ்ப் படங்கள் என்று வந்துவிட்டால் விவாதம் சீக்கிரம் ரசிகர் சண்டையாகிவிடும். அப்போதும் அதே கேள்விதான் கைகொடுக்கிறது. “அண்ணே, தலைவர் நடிச்சதுலயே ‘முள்ளும் மலரும்’தான் டாப்” என்று ஆரம்பித்த ஓர் இளைஞர், எந்த இடத்தில் என்று கேட்டதும், கையை இழந்து திரும்பிய அண்ணனைத் தங்கை கட்டிக்கொள்ளும் காட்சியைச் சொன்னார். சொல்லச் சொல்ல அவர் பேச்சு ரஜினியிடமிருந்து, தங்கையாக நடித்த ஷோபாவின் முகத்துக்கும், பாலு மகேந்திராவின் ஒளிப்பதிவுக்கும், மகேந்திரன் எந்த இடங்களில் வசனத்தை ஒதுக்குகிறார் என்பதற்கும் தானாகவே நகர்ந்தது. உடனே இன்னொருவர், அதே மகேந்திரன் அடுத்த ஆண்டில், 1979இல், எடுத்த ‘உதிரிப்பூக்கள்’ படத்தை எதிரே வைத்தார். கொடியவனான சுந்தரவடிவேலுவை ஊரே திரண்டு ஆற்றுக்கு அழைத்துவரும் இறுதிக்காட்சியை அவர் எடுத்துக்கொண்டார். நல்லவர்களாக இருந்த உங்களையும் என்னைப்போல் ஆக்கிவிட்டேனே என்ற பொருளில் அவன் பேசுகிறான். ஊர் செய்வதைப் படம் ஏற்கிறதா, கண்டிக்கிறதா? ஆற்றோரம் தனித்துவிடப்படும் குழந்தைகளைப் பார்த்தால் என்ன தோன்றுகிறது? அன்று இரண்டு படங்களில் எது மேல் என்று முடிவாகவில்லை. ஆனால் வந்திருந்தவர்களில் பலர் இரண்டையும் மறுபடி பார்க்கப் போகிறோம் என்று சொல்லிக்கொண்டு கலைந்தார்கள். எனக்கு அதுதான் வெற்றி. விவாதம் நன்றாக நடந்ததா என்பதற்கு என்னிடம் உள்ள ஒரே அளவுகோல், யாரையாவது அது திரும்பப் படத்திடம் அனுப்பியதா என்பதுதான்.

சிறந்த படம் எது என்ற கேள்வியோடு பிடித்த படம் எது என்ற கேள்வியும் கூடவே வரும். இரண்டையும் கலக்கவிடாமல் பார்த்துக்கொள்வது நடத்துபவரின் பொறுப்பு. சிறந்தது என்று சொல்பவர் திரையில் இருப்பதைக் காட்ட வேண்டும். பிடித்தது என்று சொல்பவர் எந்த வயதில், யாரோடு பார்த்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இரண்டாவதை மட்டமாக நினைக்க வேண்டியதில்லை. ஒரு படம் ஒரு வாழ்க்கைக்குள் எப்படிப் போய் உட்கார்ந்தது என்பதற்கு அதைவிட நேர்மையான சான்று ஏது?

என் பதில்களையும் சொல்லிவிடுகிறேன். சிறந்தது, ‘டோக்கியோ ஸ்டோரி’ (1953). ஓனோமிச்சி ஊரிலிருந்து வயதான தம்பதி பிள்ளைகளைப் பார்க்க டோக்கியோ போகிறார்கள், பிள்ளைகளுக்கு நேரமில்லை. தொடக்கத்தில் இருவரும் பயணத்துக்கு மூட்டை கட்டும்போது பக்கத்து வீட்டுப் பெண் ஜன்னலோரம் நின்று பேசிவிட்டுப் போகிறாள். முடிவில் அதே ஜன்னல், அதே பெண். உள்ளே கணவர் மட்டும் இருக்கிறார். பாயில் உட்கார்ந்திருப்பவரின் உயரத்தில் கேமரா அமைதியாக இருக்கிறது. கதறல் எதுவும் இல்லாமல் ஒரு மரணத்தின் முழுக் கனத்தையும் அந்த ஒரு சட்டகம் தாங்குகிறது. இதைவிடக் குறைந்த செலவில் இதைவிட அதிகம் சொன்ன சினிமாவை நான் பார்த்ததில்லை.

பிடித்தது, ஸ்ரீதரின் ‘காதலிக்க நேரமில்லை’ (1964). பள்ளிக்கூட நாட்களில் அப்பாவோடு உட்கார்ந்து டிவியில் பார்த்தேன். நாகேஷ் தன் படத்தின் பேய்க்கதையை பாலையாவிடம் சொல்லும் காட்சிக்கு அப்பா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது இன்னும் காதில் இருக்கிறது. ஆனால் பாசத்தை ஒதுக்கிவைத்துப் பார்த்தாலும் அந்தக் காட்சி நிற்கிறது. அங்கே பேயும் இல்லை, இருட்டும் இல்லை. நாகேஷ் வாயாலேயே எல்லா ஓசைகளையும் எழுப்ப, பாலையாவின் முகத்தில் பயம் படிப்படியாக ஏறுகிறது. பயமுறுத்தவும் சிரிக்கவைக்கவும் ஒரே நேரத்தில் முடிகிறது என்றால் அது நேரக்கணக்கின் உச்சம். உலகப் பட்டியல்கள் நகைச்சுவைக்குக் கஞ்சத்தனம் காட்டுகின்றன. ‘சைட் அண்ட் சவுண்ட்’ 1952 வாக்கெடுப்பில் சாப்ளினின் ‘சிட்டி லைட்ஸ்’, ‘தி கோல்ட் ரஷ்’ இரண்டும் இரண்டாம் இடத்தைப் பகிர்ந்துகொண்டன. 2022இன் முதல் பத்தில் அவர் படம் ஒன்றுகூட இல்லை. இது சினிமாவுக்கு நஷ்டம் என்றே கருதுகிறேன்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. பார்க்கக் கிடைத்த படம்தான் சிறந்த படம் ஆக முடியும். 1958இல் வெளியான ‘வெர்டிகோ’ இடையில் பல ஆண்டுகள் திரையிடலுக்கே கிடைக்காமல் இருந்து, 1983இல்தான் திரும்ப வந்தது. விமரிசகர் வாக்கெடுப்பில் 1992இல் நான்காம் இடம், 2002இல் இரண்டாம் இடம், பிறகு முதலிடம். நம் பக்கம் கதை இதைவிடத் துயரமானது. நடராஜ முதலியாரின் மௌனப் படம் ‘கீசக வதம்’ இன்று இல்லை. தமிழின் முதல் பேசும் படமாகிய ‘காளிதாஸ்’ (1931) இல்லை. அவை நல்ல படங்களா என்று வாதாடும் உரிமையையே நாம் இழந்துவிட்டோம். 1954இல் பாடலே இல்லாமல் வந்த எஸ். பாலசந்தரின் ‘அந்த நாள்’ நம்மிடம் இருப்பதால்தான் அதைப் பற்றி இன்று சண்டை போட முடிகிறது. ஒவ்வொரு திரையிடலும் ஒரு படத்தை அடுத்த தலைமுறையின் விவாதத்துக்குள் கொண்டுவரும் செயல் என்று நினைத்துத்தான் நாற்காலிகளை வரிசையாகப் போடுகிறேன்.

இந்த வாரம் நீங்களும் உங்கள் பத்தை எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, அதை நிலைநாட்டும் ஒரு காட்சியைக் குறித்துவையுங்கள். காட்சி நினைவுக்கு வராத படம் இருந்தால் அடிக்காதீர்கள், மறுபடி பாருங்கள். பிறகு உங்களோடு உடன்படாத ஒருவரைக் கண்டுபிடித்து, அவர் சொல்லும் படத்தை முதலில் முழுதாகப் பார்த்துவிட்டு வாதத்தைத் தொடங்குங்கள்.