டிராகுலாவின் மகன் – ஓர் இரசனைக் குறிப்பு

காட்டூன் என்றால் சிறுவர்க்குரியது. பேய்க்கதை என்றால் பொழுதுபோக்கிற்குரியது. இவ்விரண்டும் ஒன்றுசேர்ந்த ஒரு படைப்பில் இலக்கிய மாணவர் கருத்தூன்றிப் பார்ப்பதற்கு யாதும் இராது என்பதே அண்மைக்காலம் வரை எனது துணிபாக இருந்தது. கலைப்படைப்பொன்றை அதன் புறவடிவத்தைக் கொண்டு முன்கூட்டியே எடைபோட்டுவிடும் இப்பழக்கம் எனக்கு மட்டுமே உரியதன்று. எனினும் நான் அதனின்றும் விடுபட்ட விதம் சற்று வேறானது; ஆதலின் அதனை இங்கு எழுதத் துணிகின்றேன்.

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஒரு நாள் காய்ச்சலுடன் விடுதி அறையிற் படுத்திருந்தேன். அறைத்தோழி தனது மடிக்கணினியில் ‘காசில்வேனியா’ என்னும் தொடரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “இந்த வயதிலும் காட்டூனோ?” என்று கேலி செய்தேன். “முதல் பத்து நிமிஷத்தைப் பார்த்துப்போட்டுச் சொல்லும்” என்றாள். பத்து நிமிடம் என்றது எனக்கு நான்கு இரவுகளாயிற்று.

யப்பானிய நிறுவனமாகிய கொனாமி 1989இல் வெளியிட்ட நிகழ்பட விளையாட்டொன்றைத் தழுவி, வொறன் எல்லிஸ் எழுத, நெற்ஃபிளிக்ஸ் 2017 முதல் 2021 வரை நான்கு பருவங்களில் 32 அங்கங்களாக வெளியிட்ட தொடர் இது. இன்றைய ருமேனியாவின் ஒரு பகுதியாகிய வலாக்கியாவிலே, பதினைந்தாம் நூற்றாண்டிலே கதை தொடங்குகின்றது. இரத்தக் காட்டேரிகளின் தலைவனாகிய டிராகுலா மனிதகுலத்தின் மீது தொடுக்கும் போரே அதன் பொருள்.

ஆங்கில இலக்கியத்திற் கோதிக் மரபு என வழங்குவது, ஹொறேஸ் வோல்போல் 1764இல் வெளியிட்ட ‘ஒற்றான்ரோ கோட்டை’ என்னும் கதையோடு தொடங்குவதாகக் கொள்வர். பாழ்பட்ட கோட்டை, பழைய பாவம், இருளில் நடமாடும் பயங்கரம் ஆகியன அம்மரபின் உறுப்புகள். அதன் வழியிலே பிராம் ஸ்ரோக்கர் 1897இல் ‘டிராகுலா’ நாவலை எழுதினார். அந்நாவல் பெரும்பாலும் நாட்குறிப்புகளாலும் கடிதங்களாலும் ஆனது. ஆயின் அவற்றுள் டிராகுலாவின் கையால் எழுதப்பட்டவை மிகச் சிலவே. அவனை அஞ்சியோரும் வேட்டையாடியோரும் எழுதியவற்றின் வாயிலாகவே அவனை நாம் அறிகின்றோம். நான் கூறவந்த தொடரோ அவனது வீட்டுக் கதவைத் திறந்து எம்மை உள்ளே அழைத்துச் செல்கின்றது.

1455ஆம் ஆண்டிலே லீசா என்னும் இளம்பெண் அக்கோட்டைக் கதவைத் தட்டுகின்றாள். கழுவேற்றப்பட்டோரின் எலும்புக்கூடுகள் நிறைந்த வெளியைக் கடந்து அவள் வந்திருப்பது, அவனிடம் மருத்துவ அறிவைக் கற்றுக்கொள்வதற்காக. அவளது அச்சமின்மை அவனை வியப்பிலாழ்த்துகின்றது. இருவரும் மணந்து ஒரு மகனைப் பெறுகின்றனர். மனிதரோடு மனிதனாய் நடந்து பார் என்ற அவளது சொற்படி அவன் பயணம் சென்றிருக்கையில், 1475இலே, அவளது மருத்துவக் கருவிகளைச் சூனியத்தின் சான்றாகக் கொண்ட பேராயர் ஒருவர் தர்கோவிஷ்தே நகரில் அவளை உயிரோடு எரிப்பிக்கின்றார். தீயின் நடுவில் நின்றும் அவள் கணவனை வேண்டுவது ஒன்றே: தாம் செய்வது இன்னதென்று அறியாத இம்மக்களைத் துன்புறுத்தாதே என்பதுதான் அது.

அவ்வேண்டுகோள் அவனுக்குக் கேட்கவில்லை. திரும்பி வந்தவன் காண்பது எரிந்துபோன வீட்டையும், அதன் முன்னே மலர் வைக்கவந்த மூதாட்டி ஒருத்தியையும் மட்டுமே. நடந்ததைக் கூறிய அம்மூதாட்டியை அவன் ஒன்றும் செய்யவில்லை. குடும்பத்தோடு இந்நாட்டை விட்டு வெளியேறிவிடு என்று எச்சரித்து அனுப்புகின்றான். நல்லாரையும் தீயாரையும் பிரித்தறியும் ஆற்றல் அந்தக் கணம் வரை அவனிடம் இருந்தது என்பது இங்கு நோக்கத்தக்கது. அதன் பின்னரே அவன் நகரின் நடுவே தீயுருவாய்த் தோன்றி, இன்னும் ஓராண்டில் எல்லோரையும் அழிப்பேன் என்று சூளுரைக்கின்றான்.

சிலப்பதிகாரம் பயின்ற எவருக்கும் இவ்விடத்திற் கண்ணகி நினைவுக்கு வராதிருத்தல் அரிது. வாழ்க்கைத்துணை அநீதியாகக் கொல்லப்பட்டமைக்காக அவளும் ஒரு நகரை எரித்தாள். ஆயின் தீயை ஏவும்போது முதியோர், குழந்தைகள், அறவோர் முதலானோரை விலக்கித் தீயோரையே பற்றுமாறு பணித்தாள். அவளது செயல் முற்றிலும் நீதியானதா என்பது வேறு விவாதம். துயரத்தின் உச்சியிலும் அவளுக்கு ஒரு வரம்பு இருந்தது என்பதே என் கருத்து. டிராகுலாவுக்கோ அவ்வரம்பை நினைவூட்டுவதற்கு ஒருவன்தான் எஞ்சியிருந்தான். அவன் மகன் அலுக்கார்ட்.

கொன்றவனைத் தேடிப் பிடியுங்கள். நாட்டின் மீது படையை ஏவினால் அம்மாவைப் போன்ற எத்தனையோ குற்றமற்றோர் மடிவர் என்று மகன் கூறுகின்றான். குற்றமற்றோர் எவருமில்லை; அக்கூட்டத்தில் எவரேனும் ஒருவர் எழுந்து நின்று தடுத்திருக்கலாமே என்பது தந்தையின் மறுமொழி. இதனை வெறும் அரக்கனின் வாதமென ஒதுக்கிவிட முடியாது. அநீதியைப் பார்த்து வாய்மூடி நின்றோருக்கும் பழியிற் பங்குண்டு என்பதை எம்முள் யார் மறுப்பர்? வாதத்தின் தொடக்கம் உண்மை. முடிவோ பெரும் பாதகம். இவ்விரண்டையும் ஒரே வாயிலிருந்து பிறக்கவைத்தமையே இப்பாத்திர வார்ப்பின் சிறப்பு எனலாம். தடுத்து நின்ற மகனின் மார்பைத் தந்தையின் கை கிழித்துவிடுகின்றது. அத்தழும்பு இறுதிவரை அவன் உடலில் இருக்கின்றது.

இவ்விடத்தில் எனது வீட்டைப் பற்றிச் சிறிது கூறவேண்டியுள்ளது. தோழியின் மடிக்கணினியை நான் மூடாது வைத்திருந்தமைக்குக் கோதிக் இலக்கியத்தில் எழுந்த ஆர்வம் மட்டுமே காரணமன்று.

எனது அம்மா காலமாகி இரண்டு ஆண்டுகளாகிவிட்டிருந்தன. நோய் கடுமையான அன்றிரவு, விடிந்ததும் கொண்டுபோவோம் என்று மாமா கூறினார். விடிந்தபோது காலம் கடந்திருந்தது. அந்த ஓர் இரவை அப்பா மன்னிக்கவில்லை. முதலில் மாமாவோடு பேசுவதை நிறுத்தினார். பின்னர் மாமாவின் பிள்ளைகள், சின்னம்மா, ஈற்றில் அம்மம்மா என அவரது கோபம் ஒவ்வொருவராகப் பற்றியது. அந்தியேட்டி அன்று அம்மம்மா படலைக்கு வெளியே நின்றுவிட்டுத் திரும்பிப் போனார். மகளை இழந்த அம்மூதாட்டி செய்த குற்றம் யாது என்று நான் கேட்கவில்லை. ஆனால் அம்மம்மாவைப் போய்ப் பார்த்தேன். பார்த்ததை அப்பாவிடம் மறைக்கவுமில்லை. அன்று முதல் அப்பா என்னோடு பேசுவதில்லை. விடுதிச் செலவுக்குரிய பணம் தம்பி மூலம் தவறாது வரும். நானும் பேசுவதை நிறுத்தினேன். நியாயம் என் பக்கம் இருந்தது. அது போதும் என்றும் எண்ணியிருந்தேன்.

ஒரு குடும்பத்தின் மனத்தாங்கலையும் ஒரு நாட்டின் அழிவையும் ஒப்பிடுவது மலையையும் மடுவையும் ஒப்பிடுவதே. என் அப்பா எவரையும் துன்புறுத்தியவர் அல்லர். எனினும் துயரம் தனக்கொரு பகைவனைத் தேடும் என்பதும், ஒருவனோடு அது நின்றுவிடாது என்பதும் மலைக்கும் மடுவுக்கும் பொதுவானவை.

சிக்கலான பாத்திரம் என்று நாம் பொதுவாகக் கூறுவது, நன்மையும் தீமையும் கலந்த ஒருவனையே. அத்தகைய கலவை எளிதிற் செய்யத்தக்கது. கொடியவனுக்கு ஒரு கண்ணீர்க் கதையைச் சேர்த்துவிட்டால் முடிந்தது. ‘காசில்வேனியா’ அவ்வாறு செய்து அமையவில்லை. இரண்டாம் பருவத்தில் நாம் காணும் டிராகுலா, போரை நடத்துவதிலும் ஆர்வமிழந்தவன். உணவைத் துறந்து நெருப்பின் முன்னே அமர்ந்திருக்கின்றான். உலகை அழிக்கப் புறப்பட்டவன் உண்மையில் நாடியது தன் முடிவையே என்பதை மகன் ஒருவனே உணர்கின்றான். அவ்வாறு உணர்ந்தமைக்காக அவன் வாளை உறையிலிடவுமில்லை. காரணத்தை விளங்கிக்கொள்வது வேறு. அதனைச் சமாதானமாக ஏற்றுக்கொள்வது வேறு. இவ்வேறுபாட்டைத் தொடர் ஓரிடத்திலும் மறக்கவில்லை.

ஐசாக் என்னும் பாத்திரம் இதனை வேறொரு வகையில் மெய்ப்பிக்கின்றது. சிறுவயதில் அடிமையாய் இருந்து கசையடி பட்டவன். மனிதரை வெறுத்து டிராகுலாவுக்கு விசுவாசமாய் உழைத்தவன். தன்னோடு அவனும் மடிவதை விரும்பாத டிராகுலா, இறுதிப் போரின்போது மாயக்கண்ணாடி வழியாக அவனைத் தொலைவிலுள்ள பாலைவனத்திற்கு அனுப்பிவிடுகின்றான். தலைவனின் பழியைத் தீர்ப்பதே தன் கடன் என்று புறப்படும் ஐசாக், கப்பற்றலைவன் ஒருவனோடு நிகழ்த்தும் நீண்ட உரையாடல் போன்றவற்றால் சிறிது சிறிதாக மாறுகின்றான். நான்காம் பருவத்தில், அழிப்பதை விடுத்து ஒன்றைக் கட்டியெழுப்பி வாழ்வதெனத் தீர்மானிக்கின்றான். தலைவன் மீதான அன்பைக் கைவிடாமலே அவனது போரைக் கைவிட முடியும் என்பதை அவன் காட்டுகின்றான்.

எனினும் என்னைத் தூங்கவிடாது செய்தது இரண்டாம் பருவத்தின் ஏழாம் அங்கமே. தந்தையும் மகனும் சுவர்களை உடைத்துக்கொண்டு அறைக்கு அறை போரிடுகின்றனர். இறுதியில் ஓர் அறைக்குள் வந்து விழுகின்றனர். சிறிய கட்டில், விளையாட்டுப் பொருட்கள், விட்டத்திலே தீட்டப்பட்ட விண்மீன்கள். அது அலுக்கார்ட்டின் குழந்தைப்பருவ அறை. லீசாவும் தானுமாக மகனுக்கென அழகுபடுத்திய அறை இது என்பதும், அவள் தனக்குத் தந்த பிள்ளையையே தான் கொன்றுகொண்டிருப்பதும் டிராகுலாவுக்கு அப்போதுதான் உறைக்கின்றது. அவன் கை தாழ்கின்றது. மகன் அக்கட்டிலின் காலையே முறித்துத் தந்தையின் நெஞ்சிற் பாய்ச்சுகின்றான். தந்தை தடுக்கவில்லை. பின்னர், எல்லோரும் பிரிந்து சென்றபின், வெறுமையான கோட்டையில் மகன் தனியே அமர்ந்து அழுகின்றான்.

அவன் செய்தது சரியே. ஆயினும் அவன் அழுதான். சரியானதைச் செய்தவர் அழவேண்டியதில்லை என்று நான் எண்ணியிருந்தேன் போலும். ஒவ்வோர் ஆண்டும் தை மாதத்தில், அம்மா மண்ணிறத் தாளை வெட்டிக் கொடுக்க, அப்பா எனது பாடப்புத்தகங்களுக்கு உறை போட்டுத் தந்த மேசை அன்றிரவு நினைவுக்கு வந்தது. நான் அப்பாவை எதிர்த்ததிற் பிழையில்லை. எதிர்த்த கையோடு அவரைத் தனியே விட்டுவந்ததே பிழை. அலுக்கார்ட்டுக்கு வேறு வழி இருக்கவில்லை. எனக்கு இருந்தது.

தொடரிற் குறைகள் இல்லாமலில்லை. தேவைக்கு மிஞ்சிய குருதி அங்கே கொட்டுகின்றது; கூரிய உரையாடல்கள் சில இடங்களிற் சாமர்த்தியப் பேச்சாகிவிடுகின்றன. முடிவிலே டிராகுலாவும் லீசாவும் மீண்டும் உயிரோடு காட்டப்படுவது என் மனத்திற்கு ஒவ்வவில்லை. அது பார்வையாளருக்கு ஆறுதலளிக்கலாம். ஆனால் ஏழாம் அங்கத்தின் கனதியை ஓரளவு குறைத்துவிடுகின்றது. மாண்டோர் மீளாத வீடுகளிலிருந்து வருவோருக்கு அம்முடிவு பயன்படாது. எமக்குப் பயன்படுவது, எஞ்சியிருப்போரோடு எவ்வாறு வாழ்வது என்னும் கேள்வியே.

சித்திரை விடுமுறையில் வீட்டிற்குப் போனேன். அப்பா முற்றத்திற் சாய்மனைக் கதிரையில் அமர்ந்திருந்தார். நான் பக்கத்திற் குந்தி அமர்ந்தேன். மன்னிப்புக் கேட்கவுமில்லை, வாதாடவுமில்லை. “அப்பா, நான் நாளைக்கு அம்மம்மாவைப் பாக்கப் போறன். பின்னேரம் வந்து உங்களோடைதான் சாப்பிடுவன்” என்று மட்டும் கூறினேன். அவர் ஒன்றும் கூறவில்லை. எழுந்து உள்ளே போகவுமில்லை.

மறுநாள் மாலை திரும்பி வந்தபோது இருவருக்கும் உணவு எடுத்து வைக்கப்பட்டிருந்தது. உண்டு முடியும்வரை பேச்சில்லை. கைகழுவப் போகையில், முகத்தைத் திருப்பாமலே கேட்டார்:

“மாமி எப்பிடி இருக்கிறா?”

அம்மாவின் மறைவுக்குப் பின்னர் அச்சொல் எமது வீட்டில் ஒலித்தது அன்றுதான். கண்ணிற் புரை முற்றிவிட்டது, சத்திரசிகிச்சை செய்யவேண்டுமாம் என்றேன்.

“எப்பவாம்?” என்று கேட்டார்.