காற்றும் வண்டி வீடும்

வாடை, தென்றல், கொண்டல், கோடை என நாற்றிசைக் காற்றையும் ஆண்டுதோறும் வகுப்பறையில் மாணவர்க்கு விளக்கி வருகிறோம். கரிகாலனின் முன்னோன் ஒருவன் காற்றை ஏவல் கொண்டு கலம் செலுத்திய செய்தியை வெண்ணிக்குயத்தியார் பாடியிருப்பதையும் பெருமிதத்துடன் எடுத்துரைப்பதுண்டு. ஆயினும், காற்று இன்னதென நாம் உணர்ந்தது 2022-ஆம் ஆண்டு மே மாதத்தில்தான். இடம், அமெரிக்க நாட்டின் டெக்சாஸ் மாநிலத்து அமரில்லோ நகருக்கு வெளியே ஒரு மோட்டார் வண்டி வீடு.

எம் இளவல் முப்பந்தலில் காற்றாலைத் தொழில் பயின்றவர். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றில் கற்ற அத்தொழிலே அவரை அந்நாட்டிற்கு இட்டுச் சென்றது. இன்று ஒரு காற்றாலைக் களம், சில திங்கள் கழித்து வேறொன்று. எனவே வாடகை வீடு தேடாமல், அடுக்களையும் படுக்கையும் குளியலறையும் அமைந்த நீண்ட வண்டியொன்றையே வீடாக்கிக் கொண்டார். அத்தொழிலில் இவ்வாறு வாழ்வோர் பலர். கோடை விடுமுறையில் உம்மாவை அழைத்துக்கொண்டு அங்குச் சென்றிருந்தோம்.

அமரில்லோ, கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரத்திலுள்ள சமவெளி. காற்றைத் தடுக்க மலையில்லை, மரமும் அரிது. காற்றாலைக்கு உகந்த அதுவே வண்டி வீட்டிற்கு இடர். காற்றின் வேகம் இருமடங்கானால் அதன் அழுத்தம் நான்கு மடங்காகும். உயர்ந்து தட்டையாக நிற்கும் வண்டியின் விலாப்புறம் அதனை முழுமையாக ஏற்க நேரும்.

மூன்றாம் நாள் ஒரு பிழை செய்தோம். இளவல் பணிக்குச் சென்றிருந்தார். வெயிலுக்கு அஞ்சி, வண்டியின் பக்கத்துத் துணிப்பந்தலை விரித்து, நிழலில் நூலொன்றுடன் அமர்ந்தோம். வானம் தெளிவாகவே இருந்தது. திடீரென வந்த ஒரு வீச்சு பந்தலைத் தூக்கிக் கூரைமேல் எறிந்தது; கம்பி வளைந்தது, துணி கிழிந்தது. மாலையில் இளவல் கடிந்துகொள்ளவில்லை. "காக்கா, பாயை விரிச்சு வச்சுட்டுத் தூங்கினா தோணி என்னாகும்?" என்று மட்டும் கேட்டார். எம் தாய்வழிப் பாட்டனார் கீழக்கரையில் தோணி வைத்திருந்தவர். நாணித் தலைகுனிந்தோம்.

அவ்வார இறுதியில், இரவு தொடங்கும் வேளை, வானிலை வானொலி கடும் இடிப்புயல் எச்சரிக்கை விடுத்தது. மணிக்கு 93 கிலோமீட்டரும் அதற்கு மேலும் காற்று வீசக்கூடுமெனில் அந்நாட்டில் அவ்வெச்சரிக்கை தரப்படும். புயல் மேற்கிலிருந்து வந்தது. இளவல் வண்டியைத் திருப்பி அதன் முகத்தை மேற்கு நோக்கி நிறுத்தினார். அறையை அகலமாக்க வெளியே நீட்டியிருந்த சுவர்ப்பகுதியை உள்ளிழுத்தார், தாங்குகால்களைத் தரையில் ஊன்றினார், எரிவாயுவை அடைத்தார். நாம் நீர்த்தொட்டியை நிரப்பினோம். 150 லிட்டர் நீர், 150 கிலோ எடையாகக் கீழே அமரும் அல்லவா! "வாப்பாவும் பாயை இறக்கி, தோணி முகத்தைக் காத்துக்குத்தான் குடுப்பாங்க" என்று உம்மா மகிழ்ந்தார்.

சிறிது நேரத்தில் சூறாவளி எச்சரிக்கை வந்தது, சங்கும் ஊதியது. வண்டியை விட்டு, முகாமின் கான்கிரீட் குளியற்கூடத்திற்கு உடனே செல்ல வேண்டும் என்றார் இளவல். உம்மா மறுத்தார். தோணியை விட்டு எவன் இறங்குவான் என்பது அவர் வாதம். உண்மையுரைத்தால் நாமும் அவர் பக்கமே நின்றோம். இத்தனை பாடுபட்ட பின் வெளியேறுவதா? "உம்மா, தோணிக்குக் கீழே கடல். இதுக்குக் கீழே தரை. இறங்கலாம், வாங்க" என்று கூறி, இளவல் அவரைத் தோளில் தாங்கி நடந்தார். ஆலங்கட்டி எம் முதுகில் அறைந்தது.

குளியற்கூடத்தில் பதினைந்து பேர் இருந்தோம். முதிய பெண்மணி ஒருவர் தம் மடக்கு நாற்காலியை உம்மாவுக்குத் தந்துவிட்டு நின்றார். நாற்பது நிமிடம் சுவர் அதிர்ந்தது. சூறாவளி எங்கோ விலகிப் போயிற்று. ஆனால் இடிப்புயல் எம்மைத் தாண்டியே சென்றது.

வெளியே வந்தபோது எம் வண்டி நின்றிருந்தது. நாற்காலி தந்த அப்பெண்மணியின் வண்டி விலாப்புறம் சாய்ந்து கிடந்தது. மொழி அறியாத உம்மா அவர் கையைப் பற்றி எம் வண்டிக்கு அழைத்து வந்து, தம் படுக்கையை அவருக்கு விரித்தார்.

விடிந்ததும் அவருடைய பாத்திரங்களைப் பொறுக்கிக் கொடுத்தோம். உம்மா எம்மைத் தனியே அழைத்து, "அவுங்க வண்டி எந்தப் பக்கம் பாத்து நின்னுச்சு?" என்று கேட்டார்.

வடக்கு நோக்கி நின்றிருந்தது.