தம்பிக்கு டியூட்டி எவ்வளவு?

பாரிமுனையில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் பத்தொன்பது வருஷமாகக் குப்பை கொட்டுகிறவன் நான். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்... சட்டம் என்பது பகலில் மாறாது சார். ராத்திரி பன்னிரண்டு அடித்த பிறகுதான் மாறும். பட்ஜெட் தினத்தன்று எங்கள் ஆபீஸுக்கு வந்து பாருங்கள். "எங்க சரக்கு இன்னும் கப்பல்லதான் சார் இருக்கு. பழைய டியூட்டியா, புது டியூட்டியா?" என்று ஆளாளுக்குப் போன். நாங்களும் ஐ.நா. சபை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "நோட்டிஃபிகேஷன் வரட்டும் சார், படிச்சுட்டுச் சொல்றோம்" என்போம்.

மற்றவன் சரக்கு என்றால் இந்த நிதானமெல்லாம் வரும். சொந்தத் தம்பியே சரக்காக நடுக்கடலில் நின்றால்?

தம்பி நியூஜெர்சியில் சாஃப்ட்வேர் வேலையில் இருக்கிறான். எச்-1பி விசா. மனைவியும் ஆறு வயசுப் பெண்ணும் அங்கேதான். துறைமுகத்தில் மூட்டை தூக்கி எங்களைப் படிக்க வைத்த அப்பா போய் இரண்டு வருஷம் ஆகிறது. போன மகாளயத்துக்கு அவனால் வர முடியவில்லை. இந்தத் தடவை எப்படியும் வந்து தர்ப்பணம் பண்ணியே தீருவேன் என்று லீவு போட்டு, 2025 செப்டம்பர் 18-ம் தேதி திருவொற்றியூர் வந்து சேர்ந்தான். வழியெல்லாம் காசிமேட்டு வஞ்சிரத்தையே நினைத்துக்கொண்டு வந்தவனுக்கு அம்மா வாசலிலேயே சொல்லிவிட்டாள்: "புரட்டாசி பொறந்து ரெண்டு நாளாச்சுடா. வீட்ல மீன் கிடையாது." பாவம், முதல் அடி அதுதான்.

இரண்டாவது அடி, 20-ம் தேதி சனிக்கிழமை விடிகாலை ஐந்தரைக்கு. போனைப் பார்த்தவன் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டான்.

விஷயம் இதுதான். நாம் தூங்கிக்கொண்டிருந்த நேரத்தில், அதாவது அங்கே வெள்ளிக்கிழமை மதியம், அமெரிக்க ஜனாதிபதி டிரம்ப் ஒரு பிரகடனத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார். எச்-1பி ஆட்கள் உள்ளே வரவேண்டுமானால் பெட்டிஷனோடு ஒரு லட்சம் டாலர் கட்டவேண்டும். நம்ம காசில் கிட்டத்தட்ட 88 லட்சம்! அமல் எப்போது? 21-ம் தேதி, அமெரிக்கக் கிழக்குக்கரை நேரப்படி ராத்திரி 12 மணி 1 நிமிஷம். பன்னிரண்டு அடித்த பிறகுதான் மாறும் என்று சொன்னேனா இல்லையா? இந்தியக் கணக்கில் ஞாயிறு காலை 9.31. பக்கத்தில் நின்ற வர்த்தக மந்திரி லுட்னிக், இது வருஷா வருஷம் கட்டவேண்டிய பணம் என்கிற மாதிரி வேறு பேசி வைத்தார்.

தம்பியின் கம்பெனி வக்கீல்கள் அனுப்பிய மெயிலில் மூன்றே வரி. வெளிநாட்டில் இருக்கிற எச்-1பி ஊழியர்கள் கெடுவுக்குள் திரும்பிவிடுங்கள். உள்ளே இருப்பவர்கள் வெளியே போகாதீர்கள். மேல்விவரம் பின்னால் வரும். மைக்ரோசாஃப்ட், அமேசான் மாதிரி பெரிய கம்பெனிகளே தங்கள் ஆட்களுக்கு அன்றைக்கு இப்படித்தான் சொல்லியிருந்தன.

"ஞாயித்துக்கிழமை அமாவாசைடா. ஒரு நாள் பொறுத்துப் போனா என்ன? அவங்க ஊர்ல அமாவாசையே வராதா?" என்றாள் அம்மா.

"வரும்மா. லீவுதான் வராது" என்றான் தம்பி.

அதற்குள் தெருவுக்கே சேதி போய்விட்டது. கப்பலில் வேலை பார்த்து ரிடையரான பக்கத்து வீட்டுக்காரர், கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து, "கனடாவுல இறங்கி பஸ் புடிச்சுடு தம்பி" என்று யோசனை சொன்னார். திண்ணையில் இருந்த ஆயா மட்டும் பேசவே இல்லை. அவள் ரங்கூனில் பிறந்தவள். 1962-ல் நே வின் ராணுவ ஆட்சி வந்து, அப்புறம் கடைகளையெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொண்டு, 1964 மே மாசம் 50, 100 கியாட் நோட்டு இனிமேல் செல்லாது என்று அறிவித்தபோது அவளுக்குக் கல்யாணமாகிக் கையில் குழந்தை. கட்டின துணியோடு கப்பலேறி இதே சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கிய குடும்பம் எங்களுடையது. ரொம்ப நேரம் கழித்து ஆயா, "ரேடியோவுல சொன்னதை நம்பி உங்க தாத்தா அன்னைக்கே கடையை வித்துட்டார். பக்கத்துக் கடைக்காரன் விக்கல. ரெண்டு பேரும் ஒரே கப்பல்லதான் வந்தோம்" என்றாள். போ என்கிறாளா, இரு என்கிறாளா? இன்றுவரை விளங்கவில்லை.

தம்பி லேப்டாப்பில் டிக்கெட் தேடினான். அவன் தேடத் தேட விலை ஏறிற்று. கோயம்பேட்டில் தக்காளிகூட இப்படி ஏறிப் பார்த்ததில்லை. கடைசியில் ஒன்றே ஒன்று சிக்கியது. காலை பத்தே முக்காலுக்கு சென்னையில் கிளம்பி, வளைகுடா வழியாக நியூயார்க். ஒரு வழிக்கே இரண்டே கால் லட்சம். இறங்கும் நேரம், நம் கணக்கில் ஞாயிறு காலை 9.05. கெடுவுக்கு இருபத்தாறு நிமிஷம் முன்னால்!

"போயிடலாம்ணே" என்றான். குரல் நடுங்கிற்று. "குழந்தை அங்க இருக்கு."

நான் பைக்கை எடுத்தேன். ஏர்போர்ட்டுக்கு இல்லை, கல்மண்டபத்துக்கு. எங்கள் ஆபீஸ் கேஸ்களைப் பார்க்கிற கஸ்டம்ஸ் வக்கீல் வீடு அங்கேதான். பிரகடனத்தை பிரிண்ட் எடுத்துத் தம்பி கையில் கொடுத்துப் பின்னால் உட்கார வைத்தேன். எண்ணூர் நெடுஞ்சாலையில் வழக்கம்போல் கண்டெய்னர் லாரிகள் வால் பிடித்து நின்றுகொண்டிருந்தன. சந்து பொந்தெல்லாம் புகுந்து ஆறே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தோம்.

வக்கீல் நெற்றியில் நாமம் காயாமல் உட்கார்ந்திருந்தார். முதல் புரட்டாசி சனிக்கிழமை அல்லவா! முதலிலேயே சொல்லிவிட்டார். "தம்பி, எனக்கு அமெரிக்கச் சட்டம் தெரியாது. அந்த ஊர் வக்கீல் சொல்றதுதான் உனக்குக் கணக்கு. ஆனா நோட்டிஃபிகேஷன் படிக்கத் தெரியும். டி.வி.யில மந்திரி பேசினதை விடு. பேப்பரைக் குடு."

படித்தார். மறுபடி படித்தார். அப்புறம் என்னைப் பார்த்து, "நம்ம கஸ்டம்ஸ் ஆக்ட்ல பதினஞ்சாவது செக்‌ஷன் என்னய்யா?" என்றார்.

இது எனக்கு அ, ஆ, இ, ஈ மாதிரி. சாதாரணமாக பில் ஆஃப் என்ட்ரி போட்ட தேதியில் என்ன ரேட்டோ, அதுதான் டியூட்டி. ஆனால் கப்பல் வருவதற்கு முன்பே பில் போட்டிருந்தால், கப்பலுக்கு உள்ளே வர அனுமதி கிடைத்த தேதிதான் கணக்கு.

"அதேதான் இங்கேயும் சிக்கல். இவன் பெட்டிஷன் போட்டு அப்ரூவ் ஆனது 2024. அது பில் ஆஃப் என்ட்ரி. அந்தத் தேதி கணக்குன்னா இவனுக்குப் பழைய ரேட், ஒண்ணும் பயமில்லை. ஆனா இந்தப் பேப்பர்ல 'என்ட்ரி'யைக் கட்டுப்படுத்தறோம்னு ஆரம்பிக்கிறான். அப்படின்னா கப்பல் உள்ளே வர்ற தேதி. எதுன்னு எழுதின புண்ணியவான் தெளிவா எழுதல."

"இருபத்தாறு நிமிஷம் இருக்கே சார்?"

"பிளேன் தரையைத் தொட்டா என்ட்ரி ஆயிடுமா? நம்ம கப்பல் வெளியில நங்கூரம் போட்டு நிக்குது, அது என்ட்ரியா? கவுன்ட்டர்ல முத்திரை விழணும்ல? க்யூ எவ்வளவு நேரம் ஆகும்?"

தம்பி எச்சில் விழுங்கினான். "சாதாரணமாவே ஒரு மணி நேரம் சார்."

"அப்ப ரெண்டே கால் லட்சம் குடுத்து, கெடு முடிஞ்சு அரை மணி நேரத்துல கவுன்ட்டர்ல போய் நிப்பே. அவன் திருப்பி அனுப்பினா அது உன் ரெக்கார்டுல இருக்கும். வீட்ல உக்காந்திருந்தா அந்த வம்பு இல்ல. இது சட்ட ஆலோசனை இல்லப்பா, கூட்டல் கழித்தல். அந்த ஊர் வக்கீலை ஒரு வார்த்தை கேட்டுக்கோ. கம்பெனி வக்கீலை இல்ல. அவர் கம்பெனியைக் காப்பாத்தத்தான் மெயில் போடுவார், அவர் வேலை அது. உனக்குன்னு ஒருத்தரைக் கேளு."

அப்போது மணி ஏழரை. அங்கே வெள்ளி ராத்திரி பத்து. தம்பி மனைவி நண்பர்கள் மூலமாக ஒரு இமிக்ரேஷன் வக்கீலம்மாவைப் பிடித்துவிட்டாள். அரை மணி நேரத்துக்கு 250 டாலர். (நம்ம வக்கீல் அதைக் கேட்டு ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டார்.) அந்த அம்மாள் கேட்டது மூன்றே கேள்வி. விசா எதுவரை இருக்கிறது? 2027. பெட்டிஷனை அங்கீகரித்த ஐ-797 காகிதம் கையில் இருக்கிறதா? இருக்கிறது. ரிட்டர்ன் டிக்கெட் என்றைக்கு? 28-ம் தேதி.

அப்புறம் அவர் சொன்னது எங்கள் கல்மண்டபத்துக் கணக்கோடு ஒத்துப்போயிற்று. இது புதுப் பெட்டிஷன்களைக் குறி வைத்தது என்றுதான் தனக்குப் படுகிறது, ஆனால் உத்தரவாதம் தரமுடியாது என்றார். 2017 ஜனவரியில் டிரம்ப் போட்ட பயணத் தடையில் முதலில் க்ரீன் கார்டுக்காரர்களையே ஏர்போர்ட்டில் நிறுத்தினார்கள், ஒரு வாரத்துக்குள் அவர்களுக்கு அது பொருந்தாது என்று விளக்கம் வந்தது, அன்றைக்கு மாட்டிக்கொண்டவர்கள் அவசரப்பட்டு நடுவழியில் இருந்தவர்கள்தான் என்றார். "வெளிநாட்டவர் நுழைவதைத் தடுக்க ஜனாதிபதிக்கு அதிகாரம் உண்டு என்று 2018-ல் எங்கள் சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது. அதனால் கோர்ட் உடனே காப்பாற்றும் என்று எண்ணிக்கொண்டு பிளேன் ஏறாதே. விளக்கம் வரும்வரை இரு" என்றார்.

போனை வைத்த தம்பி கொஞ்ச நேரம் வாசலில் போய் நின்றான். முடிவு அவனுடையது. நான் வாயே திறக்கவில்லை. எட்டு மணிக்கு உள்ளே வந்து, "இருக்கேன்ணே" என்றான்.

வக்கீலிடம் ஃபீஸ் கேட்டேன். "புரட்டாசி முடியட்டும், பீச் லைன்ல அத்தோ வாங்கிக் குடு. முட்டையோட" என்றார். 250 டாலருக்கும் ஒரு பிளேட் அத்தோவுக்கும் நடுவில்தான் சார் இந்த உலகமே இருக்கிறது.

அன்று ராத்திரி யாரும் தூங்கவில்லை. தம்பி மொட்டைமாடியில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். மூன்றாவது தடவை குலுக்கலில்தான் அவனுக்கு விசா விழுந்தது. வருஷத்துக்கு 85,000 இடம், மனுப் போடுகிறவர்கள் லட்சக்கணக்கில். க்ரீன் கார்டு வரிசை அதைவிட மோசம். எந்த நாட்டுக்கும் ஏழு சதவீதத்துக்கு மேல் கிடையாது என்று விதி. 2025 அக்டோபர் பட்டியலில் இந்தியாவின் இரண்டாம் பிரிவுக்காரர்களில் 2013 மார்ச்சுக்குள் மனுப் போட்டவர்களுக்குத்தான் முறை வந்திருந்தது. அங்கே வீட்டு வாடகை, கார் லோன், குழந்தையின் ஸ்கூல். இங்கே தண்டையார்பேட்டையில் புக் பண்ணிய ஃபிளாட்டுக்கு மாதத் தவணை. 9.31-க்கு எல்லாம் ஒரே அடியாகக் கழன்று விழுந்தால் எதை முதலில் பிடிப்பது என்று பேப்பரில் எழுதி எழுதி அடித்தான். பக்கத்து வீட்டுக்காரர் தன் பழைய கப்பல் கதைகளைச் சொல்லி ஆறுதல் படுத்தினார். எல்லாக் கதையிலும் கடைசியில் கப்பல் மூழ்கிற்று.

விடிகாலை மூன்று மணி இருக்கும். தம்பியின் போன் அலறியது. வெள்ளை மாளிகையிலிருந்து விளக்கம் வந்துவிட்டது. கட்டணம் வருஷா வருஷம் இல்லை, ஒரே தடவைதான். புதுப் பெட்டிஷன்களுக்கு மட்டும். ஏற்கெனவே விசா இருப்பவர்கள் போய் வரலாம். குடியேற்றத் துறையும் அதையே எழுத்தில் கொடுத்துவிட்டது. பில் ஆஃப் என்ட்ரி தேதிதான் கணக்கு! நான் அம்மாவை எழுப்பி, "பழைய டியூட்டிதாம்மா" என்றேன். அவள் பயந்துபோய், "எதுக்குடா?" என்றாள்.

ஆறரைக்குக் கடற்கரைக்குப் போனோம். எங்கள் பக்கத்தில் மணல் எங்கே இருக்கிறது? அலை ஊருக்குள் வராமல் இருக்கக் கல்லைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். வழுக்காத கல்லாகப் பார்த்துத் தம்பி உட்கார்ந்தான். எள்ளும் தண்ணீரும் விட்டு, அப்பா பெயர், தாத்தா பெயர் எல்லாம் சொன்னான். துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் கப்பல்கள் தூரத்தில் நின்றன. அவனுக்குக் கண் கலங்கியிருந்தது. உப்புத் தண்ணி தெறிச்சுடுச்சு என்றான். நானும் அப்படியே வைத்துக்கொண்டேன்.

28-ம் தேதி போனான். கவுன்ட்டரில் நாற்பது வினாடியில் முத்திரை விழுந்ததாம். அக்டோபர் 20-ல் இன்னும் விவரமாக ஒரு குறிப்பு வந்தது, அமெரிக்காவுக்கு உள்ளேயே இருந்து விசா வகை மாற்றிக்கொள்கிற மாணவர்கள் மாதிரி ஆட்களுக்கு ஒரு லட்சம் டாலர் கிடையாது என்று. அங்குள்ள வர்த்தக சபை இதை எதிர்த்துப் போட்ட வழக்கில், டிசம்பர் கடைசியில் வாஷிங்டன் கீழ்க்கோர்ட் அரசு பக்கமே தீர்ப்பு சொல்லிற்று. டிசம்பர் 15 முதல் எச்-1பி மனுதாரர்களின் ஃபேஸ்புக் வகையறாக்களையும் நோண்டிப் பார்ப்பது என்று புது விதி வந்து, நேர்முகத் தேதிகள் மாசக்கணக்கில் தள்ளிப்போயின. முத்திரை வாங்க ஊருக்கு வந்த தம்பியின் சிநேகிதன் ஒருவன் மாமியார் வீட்டில் மாட்டிக்கொண்டான். மூன்றாவது வாரம் அவனை ரேஷன் கடைக்கு அனுப்ப ஆரம்பித்துவிட்டார்களாம்.

வக்கீலுக்கு அத்தோ கணக்கு நேராகிவிட்டது. இரண்டு பிளேட், முட்டையோடு.

அம்மா மட்டும் விடுவதில்லை. வாராவாரம் வீடியோ காலில், "அடுத்த அமாவாசைக்கு வருவேதானே?" என்று கேட்கிறாள்.

"வக்கீலைக் கேட்டுச் சொல்றேம்மா."

"எந்த வக்கீல்? 250 டாலரா, அத்தோவா?"

"ரெண்டு பேரையும்தான்."